நிரப்பிய கப்பல்துறையில் ஒரு காடு

நேயர்களுக்கு வணக்கம். வாவியோரம் ஒரு பள்ளக் காணி கிடந்தால் மட்டக்களப்பில் நாம் என்ன செய்வோம்? நாலு லோட் கிரவல் பறிப்போம், அப்புறம் மதில் கட்டுவோம். லண்டன்காரரும் முதலில் அதைத்தான் செய்தார்கள், ஆனால் எத்தனையோ மடங்கு பெரிதாக.

தேம்ஸ் நதியின் தென்கரையில் ரொதர்ஹைத் என்று ஒரு பகுதி. அங்கிருந்த சரே துறைமுகம் மர வியாபாரத்துக்குப் பேர்போனது. நோர்வே டொக், ரஷ்யா டொக், கனடா டொக் என்று சரக்கு வந்த தேசங்களின் பெயரையே டொக்குகளுக்கு, அதாவது கப்பல்துறைகளுக்கு, வைத்திருந்தார்கள். கிரீன்லாந்து டொக்குக்கு மட்டும் திமிங்கில வேட்டைக் கப்பல்களால் வந்த பெயர். பலகை சுமந்த நாட்டாமிமார் பிடரியையும் தோளையும் மூடுகிற தடித்த தோல் தொப்பி போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சிராய் ஏறித் தோள் புண்ணாகிவிடும். 1940 செப்டெம்பர் 7ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது அங்கே அடுக்கியிருந்த மரமெல்லாம் பற்றி எரிந்தது. பிரித்தானியா கண்ட மிகப்பெரிய தீ விபத்துகளில் அதுவும் ஒன்று.

பிறகு கொள்கலன் கப்பல்களின் காலம் வந்தது. பழைய டொக்குகள் அவற்றுக்குப் போதவில்லை. 1970இல் துறைமுகத்தை மூடி, பெரும்பாலான டொக்குகளை மண்ணும் இடிபாடும் கொட்டி நிரப்பினார்கள். ரஷ்யா டொக் இருந்த இடத்தில் மரம் நட்டு, 1980இல் அதைக் காடாக்கித் திறந்தார்கள். கப்பல்துறையின் கல் விளிம்பும், கயிறு கட்டிய இரும்புக் குற்றிகளும் இன்றும் அங்கே பாதையோரம் நிற்கின்றன. பிடுங்கி இரும்புக்கு விற்காமல் விட்டார்களே, அது நல்ல புத்தி. பக்கத்தில் 1985இல் எழுப்பிய ஸ்டேவ் குன்றும் கழிவு மண்தான். அதன் உச்சியில் பழைய துறைமுகத்தின் வெண்கல வரைபடம் ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் அதிலுள்ள டொக்குகளில் தண்ணீர் தேங்கும்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. டவர் பாலத்துக்கு அருகில் லொறி நிறுத்திய ஒரு வெறும் நிலத்தில், 1977இல் மக்ஸ் நிக்கல்சன் என்ற பறவையியல் அறிஞரின் முயற்சியால் ஒரு சிறு இயற்கைப் பூங்கா உருவானது. உலக வனசீவராசிகள் நிதியத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் நிலம் இரவல். 1985இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பூங்காவை நடத்திய அமைப்புத்தான் ரொதர்ஹைத்திலும் வேலை செய்து, ஸ்டேவ் குன்றடியில் சுமார் 5 ஏக்கரில் சூழலியல் பூங்காவை அமைத்தது.

அங்கே வளமான மண் தேவைப்படவில்லை. கொழுத்த மண்ணில் புல்லும் முட்செடியும் எழும்பி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். கல்லும் சுண்ணாம்பும் கலந்த வறண்ட மண்ணில்தான் காட்டுப்பூக்கள் பிழைக்கும், அவற்றைத் தேடி வண்ணத்துப்பூச்சி வரும். அதையும் சும்மா விட்டால் பற்றையாகிவிடும் என்பதால் வருடா வருடம் ஆட்கள் புல்லை வெட்டி அள்ளுகிறார்கள். ‘இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்ற பேச்சு நகரத்துக்குச் சரிவராது.

நம் வாவியோரத்துக் கண்ணா (கண்டல்) மரங்கள் போர்க்காலத்தில் பல இடங்களில் வெட்டப்பட்டன. இப்போது அடிக்கடி கன்று நடுகிறோம், படமும் பிடிக்கிறோம். மறுமாதம் போய்ப் பார்த்தால் கன்றின் கழுத்தில் பொலித்தீன் பை சுற்றிக் கிடக்கும், மாடு கடித்த மொட்டைத் தண்டு நிற்கும். அடுத்த முறை கன்றுக்குச் சொல்லியனுப்பும் முன், முதல் மூன்று வருடம் வேலி பார்ப்பவர் யார், பொலித்தீன் பொறுக்குபவர் யார் என்று பெயர் எழுதிக்கொண்டு தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.