பையருக்கு முன்னால் லைனில் இருப்பவர்களை அறிந்துகொள்ளுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் வட்டார ஆடை, துணித் தொழிற்சாலைகளில் மேலாளர்களாகவும் சூப்பர்வைசர்களாகவும் இருப்பவர்களுக்காகவே இந்தக் காணொளி. வேறு பண்பாட்டினரோடு வேலை செய்யும் பயிற்சி என்றாலே, நம்மிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையரிடம் எப்படிப் பேசுவது, ஜப்பான்காரரிடம் விசிட்டிங் கார்டை எப்படி நீட்டுவது என்பதோடு நம் ஊரில் முடித்துவிடுகிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் பையர் எப்போதாவது வந்து போகிறவர். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்களோ நம் தையல் லைனில், வரிசையாகப் போட்ட மெஷின்களில், நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு பழகத் தெரியாத மேலாளருக்கே பயிற்சி அவசரம் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய வகுப்புகளில் பெரும்பாலும் நெதர்லாந்து அறிஞர் கேர்ட் ஹோஃப்ஸ்டேடின் அட்டவணையைக் காட்டுவார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய விடைகளை வைத்து, மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்பதற்கு அவர் மதிப்பெண் கொடுத்தார்: இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. ஷிப்மென்ட் தள்ளிப்போகும் என்று தெரிந்தும் முதலாளிக்கு அஞ்சி, பையரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கடைசி நாள் வரை வாய் திறக்காததையும், முன்பே சொல்லாததற்காக ஜெர்மனி பையர் கோபப்படுவதையும் புரிந்துகொள்ள இந்த எண் ஓரளவு உதவும். ஆனால் கோபிசெட்டிபாளையத்து மேலாளருக்கும் ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்த பெண்ணுக்கும் அதே 77தான். அந்த இருவருக்கும் நடுவே நடப்பதைப் பற்றி அட்டவணை ஒன்றும் சொல்லாது.

லைனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பனியன் கழுத்தில் வைக்கும் இழுபடும் பட்டையை, அதாவது ரிப்பை, எவ்வளவு இழுத்துத் தைக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் பாதித் தமிழும் பாதி இந்தியுமாக விளக்கி, புரிந்ததா என்று கேட்கிறார். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் பெண் தலையாட்டுகிறார். மதியத்துக்குள் கழுத்து அலையலையாக நிற்கும் பீஸ்கள் செக்கிங் மேசையில் குவிகின்றன; சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுகிறார். பெரியவர்களிடம், அதிலும் ஆண்களிடம், புரியவில்லை என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர் வேறென்ன செய்வார்? நம் வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்கள் முன்னால் இப்படித்தானே நிற்கிறார்கள். ஆகவே புரிந்ததா என்று கேட்பதையே விட்டுவிட்டு, அப்ரூவ் ஆன சாம்பிளை மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டு, முதல் பீஸைத் தன் கண்ணெதிரே தைக்கச் சொல்லி, அதை இருவருமாக டேப் வைத்து அளந்த பிறகே மீதிப் பீஸ்களின் கட்டை, அதாவது பண்டிலை, கொடுக்க வேண்டும். திருத்தம் இருந்தால் மெஷின் அருகே போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் முன்னால் அவமானப்பட்ட ஒருவர் வேலையை விட்டால், அறையில் உடன் தங்கியிருப்பவர்களும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

அடுத்தது விடுப்பு. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் சட் பூஜை தீபாவளிக்கு ஆறாம் நாள் வருகிறது. வீட்டுப் பெண் ஏறத்தாழ 36 மணி நேரம் தண்ணீர்கூட அருந்தாமல் விரதமிருந்து, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் விடுவார். தாய் விரதமிருக்கும்போது, நான்கு நாளில் திரும்பி வா என்றால் எந்த மகன் வருவான்? ரயிலில் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகுமே. இதை ஒழுங்கின்மை என்று எழுதிவைக்காமல், புரொடக்‌ஷன் பிளானிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடலாம்.

2023 மார்ச் மாதம், ஹோலிக்குச் சற்று முன், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது நினைவிருக்கும். பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்களைக்கூடத் தப்பி ஓடுகிறவர்கள் என்றார்கள். அந்த மாதிரி நேரத்தில், லைனில் யார் எந்த ஊர், எதற்காகப் போகிறார் என்று அறிந்த சூப்பர்வைசரின் ஒரு சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எந்த அறிக்கைக்கும் இருக்காது.

அதனால் முதலாளிகளிடம் என் வேண்டுகோள் இது. பயிற்சியை ஜெனரல் மேனேஜரிடமிருந்து தொடங்காமல் லைன் சூப்பர்வைசரிடமிருந்து தொடங்குங்கள். ஷிஃப்ட் முடிந்து களைத்த பிறகு வைக்காமல் வேலை நேரத்திலேயே வையுங்கள். சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக இங்கேயே இருந்து தமிழ் பேசும் ஒடிசா டெய்லரோ பீகார் கட்டிங் மாஸ்டரோ உங்கள் கம்பெனியிலேயே இருப்பார். அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.