எத்தனை மணிக்கு அடித்தது?

நேயர்களுக்கு வணக்கம். வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சென்னையில்தான் வேலை. புதிதாக அலாரம் வேண்டும் என்று வரும் போனைவிட, "சார், நீங்கள் வந்து இதைக் கழற்றிவிட்டே போய்விடுங்கள், சும்மா சும்மா அடிக்கிறது, மாடி வீட்டுக்காரர் முகத்தில் முழிக்க முடியவில்லை" என்று வரும் போன்கள்தான் சில மாதங்களில் அதிகம். அமெரிக்காவில் பல நகரங்களில் அலாரம் பொய்யாக அடித்து போலீஸ் வந்து திரும்பினால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுகிறார்கள். நம் ஊரில் அந்த வேலையை மாடி வீட்டுக்காரரே பார்த்துக்கொள்கிறார்.

போன் வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை மணிக்கு அடித்தது?

"நேரங்காலமே இல்லை சார், எப்ப வேணும்னாலும் அடிக்குது" என்பார்கள். அப்படி எந்த அலாரமும் அடிக்காது. எல்லா சென்சாரும் வந்து சேரும் அலாரத்தின் முக்கியப் பெட்டியைப் பேனல் என்போம், ஓரளவு நல்ல பேனல் எல்லாவற்றிலும் எந்த ஜோன் (எந்த சென்சார் பகுதி), எந்தத் தேதி, எத்தனை மணி என்று பதிவாகியிருக்கும், கோடு நம்பர் அழுத்தும் கீபேடில் பார்க்கலாம். என்ன ஒன்று, பேனலில் இருக்கும் கடிகாரத்தைப் பொருத்திய அன்றைக்கே சரி செய்திருக்க வேண்டும், பல வீடுகளில் அது எந்த வருஷத்திலோ நின்றுகொண்டிருக்கும். முதலில் அதைச் சரி செய்யுங்கள். அப்புறம் அடுத்த இரண்டு மூன்று தடவை அடித்ததை ஒரு தாளில் குறித்துவையுங்கள். சென்சாரை மாற்று, போர்டை மாற்று என்று செலவு செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் அடிக்கிறதா? ஹாலில் மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலையில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி கேமரா இல்லை, அது எதையும் படம் பிடிப்பதில்லை. பி.ஐ.ஆர். சென்சார் என்பார்கள். அறையிலிருந்து வருகிற வெப்பத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. முன்னால் இருக்கும் வரி வரியான பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது, சூடான ஏதாவது ஒன்று ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தால் ஆள் என்று எடுத்துக்கொள்கிறது. வெயில் விழுந்து சூடேறிய திரைச்சீலை காற்றில் ஆடினால் அதற்கு அதுவும் ஆள்தான். இதற்கு ரிப்பேர் எதுவும் தேவையில்லை, சென்சாரை ஜன்னலைப் பார்க்காத சுவருக்கு மாற்றினால் போதும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் மாட்டாதீர்கள்.

இந்த இடத்தில் எங்கள் தொழில்காரர்களைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மே மாதம் பூட்டிய வீட்டுக்குள் சுவரே முப்பத்தாறு முப்பத்தேழு டிகிரியில் இருக்கும், மனிதனின் தோலும் கிட்டத்தட்ட அதே சூடுதான், அதனால் ஆள் நடந்தாலும் சென்சாருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அப்போது பொருத்த வருபவர் நடந்து பார்ப்பார், சென்சார் அவரைக் கண்டுபிடிக்காது, உடனே சென்சிட்டிவிட்டியை முழுசாகக் கூட்டி வைத்துவிட்டுப் போவார். மார்கழியில் சுவர் குளிர்ந்ததும் அதே சென்சார் பூனைக்கும் அடிக்கும், காற்றுக்கும் அடிக்கும். உள்ளே பல்ஸ் கவுன்ட் என்று ஒரு சின்ன ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் குட்டித் துண்டு) இருக்கும், அதை இரண்டில் வைத்தால் ஒரே ஒரு அசைவுக்கு அடிக்காமல் இரண்டாவது அசைவுக்குக் காத்திருக்கும். பெரும்பாலான வீட்டுக்கு இரண்டு சரி.

ராத்திரி ஒரு மணி, மூன்று மணி என்று அடிப்பதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. நியாயமான பயம்தான், அந்த நேரத்தில் திருடனும் வரலாம், முதலில் கதவையும் கிரில்லையும் பாருங்கள். எல்லாம் பூட்டியபடி இருந்தால் எனக்குச் சந்தேகம் பல்லி மேல்தான். ஆனால் பல்லி சுவரில் ஓடுவதால் அடிப்பதில்லை, அதன் உடம்பும் சுவரின் சூட்டிலேயே இருப்பதால் தூரத்திலிருந்து சென்சாருக்கு அது கண்ணில் படாது. லென்ஸ் மேலேயே ஏறி நடக்கும்போதுதான் பிரச்சினை. ஒரு பட்டையை மறைத்து, விட்டு, அடுத்ததை மறைக்கிறது, கணக்குக்கு ஆள் நடந்த மாதிரியே ஆகிவிடுகிறது. பெட்-இம்யூன் என்று எழுதிய விலை கூடிய சென்சார் வாங்கினாலும் இதற்கு உதவாது, அது தரையில் நடக்கும் நாயை மனசில் வைத்துச் செய்தது.

மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் பட்டன் அளவுக்கு ஒரு உலோகக் குப்பி, அதன் தலையில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னச் சதுரம் தெரியும், அதுதான் வெப்பத்தைப் பார்க்கும் கண், அதை விரலால் தொடாதீர்கள். அதைச் சுற்றி எறும்பு முட்டை, சிலந்தி வலை, காய்ந்த பல்லி எச்சம், சில வீட்டில் பல்லி முட்டையே இருக்கும். எல்லாம் வயர் நுழைகிற ஓட்டை வழியாக வந்தவை. மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டையைச் சிலிகான் போட்டு அடைத்துவிடுங்கள். நான் போய்ப் பார்த்த நடுராத்திரிக் கேஸ்களில் பெரும்பாலானவை இதோடு முடிந்தவை. சென்சாரை மாற்றச் சொல்லி ஒருவர் விலை சொன்னால், முதலில் என் கண் முன்னால் மூடியைத் திறங்கள் என்று கேளுங்கள்.

மழை நாளில் மட்டும் அடிக்கிறது என்றால் கதவு. நிலையில் ஒரு துண்டு, கதவில் ஒரு துண்டு என்று மேக்னட் வைத்திருப்போம். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊறிப் புடைத்தால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது, கதவு திறந்துவிட்டது என்று அலாரம் எடுத்துக்கொள்கிறது. இரும்புக் கதவில் மேக்னட்டின் இழுப்பே குறைவு, அதற்கென்று தனி வகை உண்டு. அப்புறம் வயர் ஜாயின்ட். இந்த வயர் சுற்று எப்போதும் மூடியபடி இருக்க வேண்டும், திருடன் வயரை வெட்டினாலும் அடிக்கட்டும் என்பதற்காக அப்படி. அதனால் எலி கடித்தாலும் அடிக்கும், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் பச்சை பூத்தாலும் அடிக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றுக்கு இது சீக்கிரமே வந்துவிடும். சால்டரிங் வைத்து மூடியிருந்தால் தப்பும்.

தீபாவளிக்கு அடிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஷட்டரில் வைப்ரேஷன் சென்சார் இருந்தால் அணுகுண்டுச் சத்தத்துக்கு அடிக்காமல் என்ன செய்யும். அன்றைக்கு மட்டும் அந்த ஜோனை பைபாஸில் போடுங்கள், அதாவது பேனல் அதைக் கண்டுகொள்ளாதபடி வையுங்கள்.

இனி பேட்டரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊருக்குப் போகும்போது நம் வீடுகளில் செய்கிற முதல் வேலை என்ன? மெயினை அணைப்பது. அலாரமும் அந்த மெயினில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவில் ஒரு பேட்டரி இருக்கும், நாலைந்து சென்சார் போட்ட வீட்டில் அது ஒரு நாள், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாள் தாங்கும். வோல்டேஜ் இறங்க இறங்க, பல சென்சார்களில் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் பிடிப்பை விட்டுவிடும், பேனலுக்கு அது சுற்று திறந்தது போலத் தெரியும். நீங்கள் திருநெல்வேலியில் கல்யாண வீட்டில் இருக்கிறீர்கள், சென்னையில் இரண்டாம் நாள் ராத்திரி அலாரம் மிச்சமிருக்கும் சார்ஜை எல்லாம் சைரனில் கொட்டிவிட்டு அடங்குகிறது. அதற்கப்புறம் வீட்டுக்குக் காவலும் இல்லை. அலாரத்துக்கும் மோடத்துக்கும் தனியாக ஒரு எம்.சி.பி. (மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டு, மெயினை விட்டுவிட்டு மற்ற எம்.சி.பி.களை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு அது சின்ன வேலை.

கரண்ட் போய் வந்ததும் அடிப்பது இதற்குத் தம்பி. பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போனவுடன் எல்லாம் அணைந்துவிடும், திரும்பி வரும்போது பேனல் சட்டென்று விழித்துக்கொள்ளும், ஆனால் சென்சார் நிதானத்துக்கு வர அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகும். அந்த இடைவெளியில்தான் அடிக்கிறது. சோதிப்பது எளிது. கரண்ட் இருக்கும்போது மல்டிமீட்டரில் பார்த்தால் 13.6, 13.7 காட்டும், அது சார்ஜரின் வோல்டேஜ், பேட்டரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அலாரத்துக்கு வரும் சப்ளையை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். நல்ல பேட்டரி பன்னிரண்டரைக்கு மேலே கொஞ்ச நேரம் நிற்கும். செத்தது சில நிமிஷத்தில் பதினொன்றுக்கு வந்துவிடும். மூன்று வருஷம் தாண்டிய பேட்டரியை இந்தச் சோதனைகூடச் செய்யாமல் மாற்றலாம் என்பது என் கருத்து, பல தொழில்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை ஆறரை மணிக்கு அடிக்கிற அலாரத்துக்கு நான் டூல் பாக்ஸை எடுப்பதே இல்லை. பால் எடுக்கப் போன மாமியாருக்கோ வேலைக்கு வரும் அம்மாவுக்கோ அலாரத்தை அணைக்கும் கோடு நம்பரை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குத் தனிக் கோடு நம்பர் கொடுங்கள், உள்ளே வந்து கீபேடைத் தொடும் நேரத்தை முப்பது செகண்டிலிருந்து நாற்பத்தைந்தாக்குங்கள். முழங்கால் வலியோடு படியேறி வருபவருக்கு முப்பது போதாது.

கடைசியாக சைரன். நான்கைந்து நிமிஷத்தில் தானாக நிற்கும்படி பேனலில் வைக்கலாம், பல வீட்டில் அது முழு நேரத்துக்கு விட்டுக் கிடக்கிறது. நாளைக்கே பார்த்து மாற்றுங்கள். ஆனால் ஒரு தடவை அடித்துப் பார்ப்பதாக இருந்தால், மத்தியானத் தூக்க நேரத்தில் வேண்டாம், மாடி வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வணக்கம்.