காற்றாலை வருகிறது என்றதும் ஊர் ஏன் இரண்டாகிறது?

[திரையில்: ஒரு கிராமத்தின் நில வரைபடம். வயல்களுக்கு நடுவே, காற்றாலை வரப்போகும் இடங்களில் ஆறேழு சிவப்புப் புள்ளிகள்.]

ஒரு ஊருக்குக் காற்றாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போது, பெரும்பாலும் நாலைந்து நிலக்காரர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள், வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருப்பது சகஜம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைப் பசுமை மின்சாரம் வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் நடக்கிற சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் போய்க் கேட்டால் பேச்சே வேறு. வாடகை யாருக்கு, சத்தம் யாருக்கு, இதை நம்மைக் கேட்காமல் எப்போது முடிவு செய்தார்கள், இந்த மூன்றுதான்.

சரி, அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்கு வருவோம். அவை ஏன் அங்கே மட்டும் இருக்கின்றன?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் மேட்டு நிலத்துக்கும் அதன் அடிவாரத்துக்கும் காற்றில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றாலும் மின்சாரத்தில் அது பெரிய வித்தியாசம். இன்னொன்று, ஒரு காற்றாலையைத் தாண்டி வரும் காற்று கலங்கி, வேகம் குறைந்துபோயிருக்கும். எனவே அடுத்ததை இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டத்தைப் போல ஐந்து, ஏழு மடங்கு தள்ளி நிறுத்துவார்கள். விட்டம் 150 மீட்டர் என்றால் முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை இடைவெளி. அந்த இடைவெளியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு? பல திட்டங்களில் அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் வருஷா வருஷம் வாடகை, அந்தப் பக்கம் கிரேன் போகிற பாதையும் புழுதியும். உழைத்ததால் வந்த பணம் இல்லை, நிலம் அந்த இடத்தில் இருந்ததால் வந்த பணம் என்பதுதான் பக்கத்து நிலக்காரருக்கு இன்னும் எரிச்சல்.

[திரையில்: ஒரு வீட்டு ஜன்னல். தூரத்தில் சுழலும் இறக்கைகள். 'வூஷ்... வூஷ்...' ஒலி.]

இப்போது சத்தம். நவீன காற்றாலையில் நாம் கேட்பது பெரும்பாலும் இயந்திரச் சத்தம் அல்ல, இறக்கை காற்றைக் கிழிக்கிற சத்தம். அது ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கி வருவதால் அதே அளவு போக்குவரத்துச் சத்தத்தைவிட எளிதில் காதில் உறுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் இதற்கு 45 டெசிபல் என்று ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது, மாலைக்கும் இரவுக்கும் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடும் சராசரி அது.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கனடாவின் சுகாதாரத் துறை காற்றாலைகளுக்கு அருகே வசிக்கும் 1,238 பேரிடம் ஆய்வு நடத்தி 2014-இல் முடிவை வெளியிட்டது. தூக்கக் கோளாறு, தலைவலி, தலைச்சுற்றல் என்று மக்கள் சொன்ன பிரச்சினைகளுக்கும் சத்தத்தின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. எரிச்சலுக்கு மட்டும் தெளிவாகத் தொடர்பு இருந்தது. அந்த எரிச்சலும், காற்றாலையால் தனக்கு ஏதாவது வருமானமோ பலனோ உள்ளவர்களிடம் குறைவாக இருந்தது! நெதர்லாந்தில் 725 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான், காற்றாலைக்கு மிக அருகில் இருந்துகொண்டு அதிலிருந்து பணம் பெற்றவர்கள் கிட்டத்தட்ட யாருமே எரிச்சல் என்று சொல்லவில்லை.

இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, எல்லாம் காசுக்காகப் போடுகிற கூச்சல்' என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அது தப்பான வாசிப்பு. தன்னைக் கேட்டு வைத்த பொருளின் சத்தமும், தன் தலையில் கட்டப்பட்ட பொருளின் சத்தமும் காதுக்கு ஒன்றாகப் படாது. அதை மருந்து கொடுத்தோ டெசிபல் கணக்குக் காட்டியோ தீர்க்க முடியாது.

மற்ற புகார்களில் சிலவற்றுக்குத் தீர்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும்போது இறக்கையின் நிழல் வீட்டுக்குள் வெட்டி வெட்டி விழும். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு அது நாளைக்கு 30 நிமிடம், வருஷத்துக்கு 30 மணி நேரம் என்ற அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இயந்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க மினுக்கும் சிவப்பு விளக்கை விமானம் நெருங்கும்போது மட்டும் எரிய வைக்கலாம். பறவைகள் விஷயத்தில், நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் அடித்துப் பார்த்தபோது மோதிச் சாகும் பறவைகள் சுமார் 70 சதவீதம் குறைந்தன. நாலே நாலு காற்றாலைகளில் நடந்த சோதனை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

'வீட்டிலிருந்து தூரமாக வைத்தால் போதுமே' என்று தோன்றும். ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014-இல் அதைத்தான் செய்தது. காற்றாலையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி வைக்க வேண்டும், அதாவது 200 மீட்டர் உயரம் என்றால் வீடுகளிலிருந்து இரண்டு கிலோமீட்டர். வீடுகள் நெருக்கமாகச் சிதறிக் கிடக்கும் நாட்டில் அப்படி இடம் எங்கே இருக்கிறது? புதிய விண்ணப்பங்கள் அப்படியே படுத்துவிட்டன, 2022-இல் விதியைத் தளர்த்த வேண்டி வந்தது.

டென்மார்க் வேறு வழியில் போனது. 2009 சட்டப்படி, புதிதாகக் காற்றாலை அமைப்பவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும், நாலரை கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. வீட்டு மதிப்பு குறைந்தால் இழப்பீடும் கேட்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் பங்கு வாங்கக் கையில் பணம் வேண்டுமே! இல்லாதவர் பழையபடி வேலிக்கு அந்தப் பக்கம்தான். 2020-இல் அந்தப் பங்குத் திட்டத்தை எடுத்துவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்கு நேரடியாக ஆண்டுத் தொகை தரும் முறைக்கு மாறினார்கள்.

[திரையில்: பனி மூடிய மலைச்சரிவு, கலைமான் கூட்டம், பின்னால் காற்றாலைகள்.]

முடிவை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் ஃபோசன் பகுதியைப் பாருங்கள். அங்கே 'சாமி' என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கும் நிலத்தில் 151 காற்றாலைகளை நிறுத்தினார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டுமானமும் நடந்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்த உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுவதால் செல்லாது என்றது. அதற்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. 2023-இல் ஆஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்துப் போராட்டம், அந்த ஆண்டின் கடைசியிலும் 2024-இலும்தான் சமரச ஒப்பந்தங்கள். வழக்கில் ஜெயித்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

சரி, உங்கள் ஊரில் கூட்டம் போடப் போகிறார்கள் என்றால் என்ன கேட்பது? காற்றாலை வந்தால் ஊர் எப்படித் தெரியும் என்று காட்டக் கூட்டத்தில் ஒட்டியிருக்கும் மாதிரிப் படத்தை எந்த லென்ஸில் எடுத்தார்கள் என்று கேளுங்கள், அகலமான காட்சி தரும் லென்ஸில் தூரத்துக் காற்றாலை குண்டூசி மாதிரிதான் தெரியும். நிறுவனம் திட்டத்தை வேறு ஒருவருக்கு விற்றால் வாக்குறுதிகளும் கூடவே போகுமா என்று கேளுங்கள், ஏனென்றால் இந்தத் திட்டங்கள் கைமாறுவது ரொம்ப சாதாரணம். கோபுரத்தின் இடத்துக்காரருக்கு மட்டுமில்லாமல் சுற்றியுள்ள நிலக்காரர்கள் எல்லோருக்கும் வாடகையைப் பிரித்துத் தரும் முறை சில நாடுகளில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக, 20, 25 வருஷம் கழித்து இதைக் கழற்றுவது யார்? கோபுரத்தையும் இறக்கையையும் எடுத்துவிடலாம், அடியில் பல நூறு கனமீட்டர் கான்கிரீட் கிடக்கும். அதற்கான பணம் எந்த வருஷத்தில், யாருடைய கணக்கில் டெபாசிட் ஆகும், நிறுவனம் திவாலானால் அந்தப் பணத்தை யாரும் தொட முடியாமல் எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 'அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் கூட்டத்தை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.