ஷீட் கம்: வந்தாளா, வருவாளா?

ஹாய் மக்களே! பின்னாடி குக்கர் விசில் கேட்டா கண்டுக்காதீங்க, சாம்பார் வேகுது.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். "ஷி செட் ஷீட் கம் பை பஸ்." என்ன புரிஞ்சுது? பஸ்ல வந்தேன்னு சொன்னாளா, பஸ்ல வரேன்னு சொன்னாளா? ரெண்டுமே சரிதான். இது பெட்ஷீட்ல வர்ற ஷீட் இல்லீங்க. ஷி, மேல ஒரு அப்பாஸ்ட்ரஃபி, அப்புறம் ஒரு டி. அந்த டி ஹேட்-ஆவும் இருக்கலாம், வுட்-ஆவும் இருக்கலாம்.

நம்ம பேச்சுல இந்தச் சிக்கல் வராது. அவ சொன்னதை அப்படியே எடுத்து, பின்னாடி ஒரு 'ன்னு' ஒட்டிடுவோம். "முடிச்சுட்டேன்னு சொன்னா", "முடிக்கிறேன்னு சொன்னா", அவ்வளவுதான். இங்கிலீஷ்ல 'செட்'னு இறந்த காலத்துல ஆரம்பிச்சா, உள்ள இருக்கிற வினையும் பொதுவா ஒரு படி பின்னாடி போயிடும். "ஐ ஃபினிஷ்ட்", "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" ரெண்டும் "ஷி ஹேட் ஃபினிஷ்ட்" ஆயிடும். "ஐ வில் ஃபினிஷ்" வந்து "ஷி வுட் ஃபினிஷ்" ஆயிடும். ஸ்கூல்ல டைரக்ட், இன்டைரக்ட்னு மாத்தி மாத்தி எழுதினோமே, அதேதான். பரீட்சைல முழுசா எழுதிடுறோம், வம்பே இல்லை. பேசும்போதுதான் ஹேட், வுட் ரெண்டும் தேய்ஞ்சு ஒரே டி-யா நிக்குது.

அந்த டி-யைக் காதுல பிடிக்கணும்னு கஷ்டப்படாதீங்க, பல நேரம் அது கேட்கவே கேட்காது. "ஐட் டோல்ட் ஹிம்"னு வேகமா சொல்லிப் பாருங்க. நாக்கு ஒரே இடத்துலதான் ரெண்டு தடவையும் தொடணும், அதனால ஒரே தடவைல முடிச்சுடுது. கேட்கிறவங்களுக்கு "ஐ டோல்ட் ஹிம்"தான். அடுத்த வார்த்தை உயிரெழுத்துல ஆரம்பிச்சா டி அங்க தாவிடும்: "ஷீட் ஈட்டன்" உங்களுக்கு "ஷீ டீட்டன்"னு கேட்கும். டீட்டன்னு டிக்‌ஷனரில தேடாதீங்க!

அப்ப எதைப் பார்க்கணும்? டி-க்கு அடுத்து வர்ற வினையை. கான், ஈட்டன், சீன், ஃபினிஷ்ட் மாதிரி மூணாவது வடிவம் வந்தா அது ஹேட். கோ, ஈட், சீ, ஃபினிஷ்னு மொட்டையா வந்தா வுட். "ஷி செட் ஷீட் பீன் சிக்"னா உடம்பு சரியில்லாம இருந்தாளாம். "ஷி செட் ஷீட் பி சிக்"னா உடம்பு சரியில்லாம போயிடும்ங்கிறா. நடுவுல ஒரே ஒரு 'ன்'தான் வித்தியாசம்! நடுவுல 'ஆல்ரெடி' வந்தாலும் பெரும்பாலும் ஹேட்தான்.

இப்ப முதல் வாக்கியம் ஏன் குழப்புதுன்னு தெரியுதா? கம்-முக்கு முதல் வடிவமும் மூணாவது வடிவமும் ஒண்ணு. ரன், புட், கட், ஹிட், ஷட், லெட் எல்லாம் அதே கோஷ்டி. ரீட் மட்டும் ஒரு தனி ரகம். எழுத்துல குழப்பும், வாயைத் திறந்தா ரீட்டா ரெட்டான்னு தெரிஞ்சுடும். கம்-முக்கு அந்த வசதியும் கிடையாது. "டுமாரோ", "தி டே பிஃபோர்" மாதிரி ஏதாவது காலச்சொல் கூட வந்தாத்தான் உண்டு. எதுவும் இல்லைன்னா வெட்கப்படாம திருப்பிக் கேட்டுடுங்க. அதுவே எதிர்மறையா சொல்லியிருந்தா தப்பிச்சோம், ஹேடன்ட், வுடன்ட் ரெண்டும் தனித்தனியா கேட்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, அது கொஞ்சம் விஷமம். "ஷி செட் ஷீட் பெட்டர் கோ." கோ மொட்டையா இருக்கு, ஆனா டி வுட் கிடையாது, 'ஹேட் பெட்டர்'. கிளம்புறதுதான் நல்லதுன்னு சொன்னாளாம், போனது வந்தது எதுவும் இதுல இல்லை. 'ஷீட் ராதர் கோ'ன்னா மறுபடியும் வுட்.

நீங்க பேசும்போது டி-யை விட்டுட்டா? "ஷி செட் ஷி ஃபினிஷ்ட்"னு சொன்னா யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க, இங்கிலீஷ்காரங்களே நிறைய பேசுறது அப்படித்தான். எது முன்னாடி நடந்ததுன்னு முக்கியமா இருந்தா மட்டும் ஹேட் போடுங்க. "வென் ஐ அரைவ்ட், தே செட் ஹீட் லெஃப்ட்", நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் எஸ்கேப். ஆபீஸ் மெயில்ல, லெட்டர்ல முழுசா 'ஹி ஹேட் லெஃப்ட்'னே எழுதிடுங்க, படிக்கிறவங்க யூகிக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொண்ணு. வாக்கியம் ஹேட்ல முடிஞ்சா சுருக்கக் கூடாது. சாப்பிட்டியான்னு கேட்டாங்க, "ஐ செட் ஐ ஹேட்." அங்க ஹேட்ல அழுத்தம் விழுது, அதனால "ஐ செட் ஐட்"னு யாரும் நிறுத்த மாட்டாங்க. "ஐ செட் ஐட் ஈட்டன்"னு முழுசா முடிச்சா சரி.

மூணு விசில் ஆயிடுச்சு, நான் போய் அடுப்பை அணைக்கிறேன். பை!