அமெரிக்க மருந்து விலை: சட்டத்தின் சிறு பிரிவுகளில் நடக்கும் போர்

அவைத் தலைவர் அவர்களே, இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நியூஜெர்சி மேடையில் நின்று மருந்து விலையைப் பற்றிப் பேச எவருக்கும் சற்றுத் தயக்கம் வரும். ராவேயில் மெர்க், நியூ பிரன்சுவிக்கில் ஜான்சன் அண்ட் ஜான்சன், பிரின்ஸ்டனில் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் எனப் பெரும் மருந்து நிறுவனங்கள் தலைமையகம் வைத்திருக்கும் மாநிலம் இது. இந்த அவையில் அமர்ந்திருப்போரில் சிலருக்காவது அந்த ஆய்வகங்களிலிருந்துதான் மாதச் சம்பளம் வரும். அவர்களுடைய உழைப்பின்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் பேச வந்தது, ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்த மாத்திரைக்கு வாஷிங்டனில் எப்படி விலை அமைகிறது என்பதைப் பற்றி மட்டுமே.

இந்தப் போராட்டத்தின் அறுபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நாளிதழ்களில் முதல் பக்கத்தில் வசை வாங்கிய மனிதர்களால் விலை ஏறியதும் குறைவு, அவர்களைத் தண்டித்ததால் விலை இறங்கியதும் குறைவு. பெரும்பாலும் யாரும் படிக்காத சட்டப் பிரிவுகளே விலையை ஏற்றின. அவையே இறக்கவும் செய்தன.

முதலில் நிலவரம். ராண்ட் ஆய்வு நிறுவனம் 33 வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருந்து விலை அந்நாடுகளின் விலையைப்போல் சராசரியாக 2.78 மடங்கு. நிறுவனப் பெயரோடு விற்கும் மருந்துகளைத் தனியாகப் பார்த்தால், தள்ளுபடிகளைக் கழித்த பிறகும் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் காப்புரிமை தீர்ந்த ஜெனரிக் மருந்துகளோ மற்ற நாடுகளைவிட இங்கேதான் மலிவு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விலைதான். ஹைதராபாத், அகமதாபாத் ஆலைகளின் பங்கு அதில் பெரிது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அமெரிக்கா எல்லா மருந்துக்கும் அதிக விலை கொடுக்கும் நாடு என்று சொல்வது பிழை. போட்டி இருக்கும் இடத்தில் விலை தரைமட்டத்துக்கு வருகிறது. சட்டம் தனியுரிமை தந்திருக்கும் இடத்தில் அதற்கு மேல்வரம்பே இல்லை.

அந்த மேல்வரம்பை முதலில் கேட்டவர் டென்னசி மாநிலச் செனட்டர் எஸ்டிஸ் கெஃபாவர். 1959 டிசம்பரில் அவர் தொடங்கிய விசாரணையில் இதே நியூஜெர்சியைச் சேர்ந்த ஷெரிங் நிறுவனம் சாட்சிக் கூண்டில் நின்றது. மூட்டுவலிக்குத் தரப்படும் பிரெட்னிசலோன் மாத்திரைக்கு அடக்கச் செலவு ஒன்றரை சென்ட்டுச் சொச்சம், மருந்துக் கடைக்காரர் கொடுத்த விலை ஏறத்தாழ 18 சென்ட் என்று கெஃபாவரின் குழு கணக்குக் காட்டியது. காப்புரிமை பெற்று மூன்று ஆண்டு கழிந்ததும் மற்றவரும் தயாரிக்க உரிமம் தர வேண்டும் என்பது அவருடைய மசோதாவின் உயிர்நாடி. அதற்குள் தாலிடோமைடு மருந்தால் ஐரோப்பாவில் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளின் செய்தி அமெரிக்காவை உலுக்கியது; 1962-இல் கெஃபாவர் பெயராலேயே சட்டமும் நிறைவேறியது. மருந்து வேலை செய்கிறது என்பதை நிறுவிய பிறகே விற்க வேண்டும் என்ற மாபெரும் விதி அதில் வந்தது. விலை பற்றிய பிரிவோ உள்ளிருந்தே அகற்றப்பட்டிருந்தது. விலைக்காகத் தொடங்கிய போராட்டம் பாதுகாப்புக்கான சட்டமாக முடிந்தது.

1984-இல் வந்த ஹாட்ச்–வாக்ஸ்மன் சட்டம் ஜெனரிக் நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. இன்று இந்நாட்டில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் பத்தில் ஒன்பது ஜெனரிக்காக இருப்பதற்கு அதுவே அடித்தளம்.

இனி 2003. முதியோர் காப்பீடான மெடிகேர் 1965-இல் தோன்றியபோது வீட்டில் விழுங்கும் மாத்திரைகளுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்கும் மசோதா 2003 நவம்பரில் ஒரு நள்ளிரவு தாண்டி, விடியற்காலை மூன்று மணி அளவில் பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடியும் வாக்கெடுப்பு ஏறக்குறைய மூன்று மணி நேரம் திறந்தே வைக்கப்பட்டது. தோற்றுக்கொண்டிருந்த மசோதா, உறுப்பினர்களை ஒவ்வொருவராக வளைத்த பின்னர், 220க்கு 215 என்று தேறியது. முதியோருக்கு மருந்துக் காப்பீடு கிடைத்தது. அது உண்மையான நன்மை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே சட்டத்துக்குள் ஒரு சிறு பிரிவு உட்கார்ந்திருந்தது. மருந்து நிறுவனங்களுக்கும் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் இடையே நடக்கும் பேரத்தில் சுகாதாரத் துறைச் செயலாளர் தலையிடக் கூடாது என்றது அது. 1992 முதல் சட்டத்தின் துணையோடு முன்னாள் படைவீரர்களுக்காக விலை பேசிக் குறைத்து வாங்கிவந்த அதே அரசாங்கம், அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய முதியோர் கூட்டத்துக்காக வாய் திறக்கக் கூடாது என்று தன் வாயைத் தானே தைத்துக்கொண்டது. அந்த மசோதாவை வழிநடத்திய குழுத் தலைவர்களில் ஒருவரான பில்லி டாசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்புக்கே தலைவராகப் போய் அமர்ந்தார். இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்தப் பிரிவைத் தளர்த்த ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. இடையில் நாட்டின் கோபம் வேறெங்கோ திரும்பியிருந்தது. 2015-இல் மருந்து நிறுவனத் தலைவர் மார்ட்டின் ஷ்க்ரேலி, ஒட்டுண்ணித் தொற்றுக்கான டாராபிரிம் மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலராக ஒரே மூச்சில் உயர்த்தியபோது நாடே அவரைத் திட்டித் தீர்த்தது. பிறகு அவர் சிறைக்கும் போனார். ஆனால் பங்கு முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில்தான், விலை உயர்வுக்காக அல்ல. அம்மருந்தின் முதல் ஜெனரிக் வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது 2020-இல்தான். ஷ்க்ரேலியைத் திட்டிய நேரத்தில் பாதியை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் செலவிட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

இன்சுலினின் கதை இதை இன்னும் நன்றாக விளக்கும். டொரான்டோவில் அதைக் கண்டறிந்தவர்கள் தங்கள் காப்புரிமையை 1923-இல் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். 1996-இல் எலை லில்லியின் ஹியூமலாக் இன்சுலின் குப்பி 21 டாலருக்கு வந்தது. 2019 வாக்கில் அதே குப்பியின் பட்டியல் விலை சுமார் 275 டாலர். மருந்து மாறவில்லை. மாறியது தள்ளுபடி முறை. காப்பீட்டு நிறுவனங்களுக்காக எந்த மருந்துக்கு இடம் தருவது என்று முடிவுசெய்யும் பி.பி.எம் எனப்படும் இடைத்தரகு நிறுவனங்கள் இந்நாட்டில் இருக்கின்றன. அவற்றுள் மூன்று மட்டுமே மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டைக் கையாளுகின்றன. யார் அதிகத் தள்ளுபடி தருகிறாரோ அவருடைய மருந்துக்குப் பட்டியலில் முன்னிடம். அதிகத் தள்ளுபடி தருவதற்கு எளிய வழி, முதலில் விலையை ஏற்றி வைப்பது. ஆகவே போட்டியாளர்கள் விலையைக் குறைத்துப் போட்டியிடாமல், ஏற்றிப் போட்டியிட்டார்கள். அந்தத் தள்ளுபடியைக் கண்ணால்கூடக் காணாத காப்பீடற்றவர்கள் முழு விலையையும் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் அளவைக் குறைத்து ஊசி போட்டுக்கொண்டார்கள், சிலர் உயிரிழந்தார்கள். அப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் விடாமுயற்சியால்தான் மின்னசோட்டா 2020-இல் அவசர இன்சுலின் சட்டத்தை இயற்றியது.

பிறகு 2023 மார்ச்சில் ஒரே மாதத்துக்குள் லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி ஆகிய மூன்று நிறுவனங்களும் முக்கிய இன்சுலின்களின் விலையை எழுபது விழுக்காடும் அதற்கு மேலும் குறைப்பதாக அறிவித்தன. மனம் இளகியதா? மக்களின் கோபத்துக்கும் மாநிலங்களின் சட்டங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கணக்கு வேறோர் இடத்தில் இருந்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்துக்கு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். பணவீக்கத்தை மிஞ்சி விலையை ஏற்றியிருந்தால் அபராதமாகக் கூடுதல் தள்ளுபடியும் தர வேண்டும். அந்த மொத்தத் தொகை மருந்தின் விலையைத் தாண்டக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் உச்சவரம்பு கட்டியிருந்தது. 2021-இல் கொரோனா நிவாரணச் சட்டத்தின் ஒரு மூலையில், 2024 ஜனவரி 1 முதல் அந்த உச்சவரம்பு நீங்கும் என்று எழுதப்பட்டது. அதன் விளைவு, ஆண்டுக்கணக்கில் விலையை ஏற்றிவந்த நிறுவனம் மெடிகெய்டில் விற்கும் ஒவ்வொரு குப்பிக்கும் விலையைவிட அதிகமாக அரசுக்குக் கட்ட நேரிடும் என்பது. விலையைக் குறைப்பதே நிறுவனத்துக்கு லாபமாகிவிட்டது. அந்த ஒற்றை வாக்கியத்தை ஆதரித்து எந்தத் தெருவிலும் ஊர்வலம் போகவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. ஆஸ்துமாவுக்கான ஃப்ளோவென்ட் இன்ஹேலரைக் கிளாக்ஸோ நிறுவனம் அதே 2024 தொடக்கத்தில் நிறுத்திவிட்டு, அதையே ஜெனரிக் பெயரில் விற்கச் செய்தது. விதியின் பிடியிலிருந்து நழுவும் வழியாகவே பலரும் இதைப் பார்த்தார்கள். புதிய பெயரைச் சில காப்பீடுகள் ஏற்காததால், பல குழந்தைகளின் பெற்றோர் மாற்று மருந்து தேடி அலைந்தார்கள்.

2003-இன் தையல் பிரிந்தது 2022 ஆகஸ்டில். செனட்டில் 50க்கு 50 என்று நின்ற வாக்கை அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் தன் வாக்கால் முடித்துவைத்தார். பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்ற பொருத்தமற்ற பெயரில் வந்த அந்தச் சட்டம், தேர்ந்தெடுத்த சில மருந்துகளுக்கு மெடிகேர் விலை பேசலாம் என்றது. மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் வரம்பும், முதியவர் தம் கையிலிருந்து ஆண்டுக்குக் கட்டும் மருந்துச் செலவுக்கு 2025-இல் 2,000 டாலரில் தொடங்கிய வரம்பும் வந்தன. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றங்கள் பெரும்பாலும் அரசின் பக்கமே நின்றன. முதல் பத்து மருந்துகளின் புதிய விலை 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. இரத்தம் உறையாமல் காக்கும் எலிக்விஸ் ஒரு மாதத்துக்கு 521 டாலரிலிருந்து 231-க்கு இறங்கியது. மெர்க்கின் சர்க்கரை நோய் மாத்திரையான ஜனுவியா 527-இலிருந்து 113-க்கு. இந்தப் பட்டியல் விலை ஒப்பீடு சற்று மிகையானது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கிடைத்துவந்த தள்ளுபடிகளைக் கழித்தால் அரசின் சேமிப்பு சுமார் 22 விழுக்காடு.

விலை குறைந்தால் புதிய மருந்துகள் வரா என்பது நிறுவனங்களின் வாதம். நாடாளுமன்றத்தின் நிதிக் கணிப்பு அலுவலகம் இச்சட்டத்தை ஆராய்ந்து, அடுத்த முப்பது ஆண்டுகளில் வரக்கூடிய 1,300 மருந்துகளில் 13 வராமல் போகலாம் என்று கணித்தது. அந்தப் பதின்மூன்றில் ஒன்று நம் வீட்டு நோய்க்கான மருந்தாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. இன்று கையில் இருக்கும் மருந்தை விலையால் வாங்க முடியாமல் போகிறவரையும் அதே தராசில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இச்சட்டம் மெடிகேருக்கு மட்டும். தனியார் காப்பீட்டிலும் இன்சுலினுக்கு 35 டாலர் வரம்பு வைக்கச் செனட்டில் 57 பேர் ஆதரித்தும், தேவையான 60 கிட்டாமல் அது வீழ்ந்தது. நம் வீடுகளுக்கு வரும் பெற்றோருக்கும் இதனால் பயனில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கான பச்சை அட்டை பெற்றாலும் ஐந்தாண்டு இங்கே தொடர்ந்து வசித்த பிறகே அவர்கள் மெடிகேரைக் காசு கட்டிப் பெற முடியும். ஊரிலிருந்து வரும்போது ஆறு மாத மாத்திரையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வரும் பழக்கம் நம்மிடையே நீடிப்பதில் வியப்பேதும் இல்லை.

2025 மே மாதம் அதிபர் டிரம்ப், மற்ற வளர்ந்த நாடுகளின் மிகக் குறைந்த விலையே இங்கும் வேண்டும் என்று ஆணையிட்டார். செப்டம்பரில் ஃபைசரோடு தொடங்கிப் பல நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முழு வாசகம் பொதுவெளிக்கு வராத நிலையில், விழாவாக அறிவிக்கப்பட்டதை நான் விலைக்குறைப்பாக எண்ணிக்கொள்ளத் தயாராக இல்லை. அதைவிட அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவே என் கண்ணை உறுத்துகிறது. அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கு மெடிகேரின் விலைப் பேரத்திலிருந்து இருந்த விலக்கை அது விரிவாக்கியது. அதனால் மெர்க்கின் கீட்ரூடா போன்ற மிகப்பெரிய வருவாய் ஈட்டும் புற்றுநோய் மருந்துகள் பேரத்துக்கு வரும் நாள் ஓராண்டு தள்ளிப்போனது.

அடுத்த பூசல் ஓர் எண்ணின்மேல் நடக்கிறது. உயிரணுக்களிலிருந்து உருவாகும் ஊசி மருந்துகளுக்குப் பேர விலை அமலாகுமுன் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டு அவகாசம், மாத்திரைகளுக்கு ஒன்பது. மாத்திரைக்கும் பதின்மூன்றே வேண்டும் என்று மருந்து நிறுவனங்கள் கேட்கின்றன. அதற்கான மசோதாவும் முன்வைக்கப்பட்டுள்ளது. ஊசியின் ஆண்டுகளைக் குறைத்தும் இரண்டையும் சமமாக்கலாம் என்று அந்த மசோதாவில் எவரும் எழுதவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால், அவர் எந்த எண்ணுக்கு ஆதரவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.