ஷிஃப்ரினை ரசிகர்கள் கொண்டாடக் காரணம் திறமையா? மனமா? – திறமை அணியின் உரை

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினை உலகம் முழுக்க ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அதற்குப் பெரிதும் காரணம் அவருடைய திறமையா, அவருடைய மனமா என்பதுதான் தலைப்பு. திறமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று சம்பவங்களைச் சொன்னார். 2020 பிப்ரவரியில் ஷிஃப்ரினின் தந்தை ஜெஃப் திடீரென்று இறந்துபோனது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று பந்தயங்களில் அவர் இறுதிக் கோட்டையே எட்டாமல் போனது. அங்கே ஸ்லாலோமில், அதாவது நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயத்தில், தொடக்கக் கம்பங்களிலேயே வழுக்கி வெளியேறி, பாதையோரத்தில் தலை குனிந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவின் கில்லிங்டனில், பல ஊர்களில் பந்தயம் பந்தயமாக நடக்கும் உலகக் கோப்பைத் தொடரில் தன் நூறாவது பந்தய வெற்றிக்குப் பக்கத்தில் வந்து விழுந்து, வயிற்றுப் பக்கம் ஆழமான குத்துக்காயத்தோடு சரிவிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டது. இத்தனையையும் தாங்கி எழுந்த அந்த மனதைத்தான் ரசிகர்கள் நேசிக்கிறார்கள் என்று முடித்தார். அவையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் தொண்டை அடைத்தது.

நடந்தது எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஸ்லாலோம் பந்தயம் எதை எடுத்தாலும் பாதி வழியில் வெளியேறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அது அந்தப் பந்தயத்தின் இயல்பு. பெய்ஜிங்கில் அதே சரிவில் அவரைப் போலவே பந்தயத்தை முடிக்க முடியாமல் போனவர்கள் உண்டு. அவர்களுக்கும் வீடு உண்டு, இழப்பு உண்டு, நான்கு வருட உழைப்பு உண்டு. அவர்களில் ஒருவர் பெயரை எதிரணியால் சொல்ல முடியுமா? நம் அத்தனை பேர் கண்ணும் ஷிஃப்ரின் மேல் மட்டும் ஏன் நின்றது? அவர் உட்காருவதற்கு முன்பே, பத்து வருடமாக அவர் இறங்கும் அழகில் நாம் மனதைப் பறிகொடுத்திருந்தோம். அழுகை அன்பைக் கொண்டுவரவில்லை, ஐயா. இருந்த அன்புதான் நம்மை அழவைத்தது.

சரி, அப்படி என்ன அழகு? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இதைப் பார்க்காமல் இந்தத் தலைப்பில் தீர்ப்பே சொல்ல முடியாது.

ஸ்லாலோம் சரிவு பஞ்சு போன்ற பனி இல்லை. போட்டிக்காகத் தண்ணீரைச் செலுத்தி, ஐஸ் மாதிரி இறுக வைத்திருப்பார்கள். அதில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வளையும் கம்பங்கள் நட்டிருக்கும். பந்தயத்துக்கு முன் வீராங்கனைகள் மெதுவாகச் சறுக்கி இறங்கி, எந்தக் கம்பம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். பந்தய வேகத்தில் ஒத்திகை கிடையாது. இரண்டு சுற்று நேரத்தையும் கூட்டித்தான் வெற்றி. இதில் கொடுமையான விதி ஒன்று உண்டு. முதல் சுற்றில் முந்திய முப்பது பேர் இரண்டாம் சுற்றில் தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள். முதலிடத்தில் இருப்பவர் கடைசி ஆள். இருபத்தொன்பது பேர் ஏறி மிதித்து, ஒவ்வொரு கம்பத்தடியிலும் பள்ளம் பறித்துவிட்டுப் போன பாதைதான் அவருக்கு. அந்தப் பாதையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முன்னிலையைக் காப்பாற்ற வேண்டும். ஷிஃப்ரின் தன் வாழ்நாளில் பாதியை அந்தக் கடைசி இடத்தில் நின்றே கழித்திருக்கிறார் என்று சொல்லலாம்.

இப்போது அவரை மட்டும் கவனியுங்கள். கீழே கால்கள் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்கின்றன. மேலே தலை ஒரே மட்டத்தில் நிற்கிறது. தோள்கள் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. முழங்காலுக்குக் கீழே கட்டிய காப்பும் கைக்காப்பும் கம்பத்தை அடித்துத் தள்ளுகின்றன. கம்பம் நிமிர்வதற்குள் அடுத்த திருப்பம் தொடங்கிவிட்டது. இன்னும் ஒன்று: பலகைக்குப் பின்னால் எழும் பனித்தூளைப் பாருங்கள். மற்றவர்கள் திரும்பும்போது பலகை பக்கவாட்டில் இழுபட்டு, தூள் விசிறியடிக்கும். விசிறுகிற ஒவ்வொரு பிடித் தூளும் இழந்த வேகம். ஷிஃப்ரினிடம் அது குறைவு. விளிம்பு மட்டும் ஐஸைக் கீறிக்கொண்டு போகும். வேகம் சிதறாது. இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டவர் அப்புறம் அவர் இறங்கும் பந்தயத்தைத் தவறவிட மாட்டார்.

இதன் பலன் என்ன தெரியுமா? நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டு இது. 2015 நவம்பரில் ஆஸ்பெனில் ஷிஃப்ரின் ஸ்லாலோம் வென்றது 3.07 வினாடி வித்தியாசத்தில். இருவரும் ஒன்றாகப் புறப்பட்டிருந்தால், அவர் வந்து சேர்ந்த பிறகு இரண்டாமவர் வருவதற்குள் நிதானமாக மூன்று எண்ணலாம். பெண்கள் உலகக் கோப்பை ஸ்லாலோமில் அதற்கு முன் யாரும் அவ்வளவு இடைவெளியில் ஜெயித்ததில்லை. அப்போது அவருக்கு வயது இருபது.

எதிரணியினர் இடையில் சொன்னார்கள்: 'சோச்சி ஒலிம்பிக்கில் விழப்போனவர் சமாளித்து ஜெயித்தாரே, அது மன உறுதிதானே!' 2014-இல் நடந்தது அது. இரண்டாம் சுற்றின் நடுவில் உடல் பின்னால் சாய்ந்து, ஒரு கால் பனியை விட்டே எழும்பிவிட்டது. பார்த்தவர்கள் மூச்சு நின்றது. அடுத்த கம்பத்துக்குள் காலை ஊன்றி, பாதைக்குத் திரும்பி, 0.53 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். பதினெட்டு வயது, ஒலிம்பிக் ஸ்லாலோம் வென்றவர்களிலேயே இளையவர். நடுவர் அவர்களே, அந்தக் கண நேரத்தில் மனம் எதையும் யோசித்திருக்க முடியாது. காலும் இடுப்பும் தாமாகவே தெரிந்து செய்த வேலை அது. சிறு வயதில் மற்ற பிள்ளைகள் வாரம் தவறாமல் பந்தயத்துக்கு ஓடியபோது, அவருடைய பெற்றோர் பந்தயங்களைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினார்கள். ஒரே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவிட்டார்கள். சமநிலைக்காக ஒற்றைச் சக்கர சைக்கிள்கூட ஓட்டப் பழகினார். சோச்சியில் அவரைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பழக்கம்.

அன்று இரண்டாவதாக வந்தவர் ஆஸ்திரியாவின் மார்லீஸ் ஷில்ட். சிறுமியாக இருந்தபோது ஷிஃப்ரின் பார்த்துப் பார்த்து வியந்த வீராங்கனை. ஒரு சாம்பியனே ரசிகையாக இருந்தபோது எதைப் பார்த்தார்? ஷில்ட் கம்பத்தை எப்படித் தாண்டுகிறார் என்பதைத்தான். பின்னாளில் ஷில்டின் 35 உலகக் கோப்பை ஸ்லாலோம் வெற்றிகளை 2018-இல் ஷிஃப்ரினே தாண்டிப் போனார்.

இப்போது எதிரணிக்குச் சங்கடமான சாட்சி ஒருவரைக் கூப்பிடுகிறேன். இங்கெமார் ஸ்டென்மார்க். ஸ்வீடனின் வடக்கே டேர்னபி பக்கத்துச் சிற்றூர்க்காரர். 86 உலகக் கோப்பை வெற்றிகள், அத்தனையும் ஸ்லாலோம், கம்பங்களை இன்னும் தள்ளித் தள்ளி நட்ட ஜயன்ட் ஸ்லாலோம் இரண்டில் மட்டுமே. பேச்சு என்றால் அவருக்கு வேப்பங்காய். பேட்டி எடுப்பவர் நீளமாகக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். அழுது யாரும் பார்த்ததில்லை, குதித்தும் பார்த்ததில்லை. எதிரணி சொல்லும் 'மனம்' ரசிகர்கள் கண்ணில் படவே இல்லை. ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் அவர் இறங்கும் நேரத்தில் ஸ்வீடன் அப்படியே நின்றுபோகும், பள்ளிகளில் வகுப்புக்குள் தொலைக்காட்சிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள் என்று ஸ்வீடன்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். கதை இல்லை, கண்ணீர் இல்லை. பின் எதற்காக ஒரு நாடு வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது? கச்சேரியில் ஒரு சங்கதிக்குத் தலையாட்டுகிறவர் பாடகரின் வீட்டுக் கஷ்டத்தை விசாரித்துவிட்டா ஆட்டுகிறார்?

அந்த 86 என்ற எண்ணிக்கை 1989 முதல் 2023 வரை யார் கைக்கும் எட்டாமல் இருந்தது. 2023 மார்ச் 11 அன்று அதை ஷிஃப்ரின் தாண்டினார். எங்கே? ஸ்வீடனிலேயே, ஓரே என்ற மலையூரில். 2012 டிசம்பரில் அவர் தன் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றதும் அதே ஊரில்தான். 87-ஆவது வெற்றி 0.92 வினாடி வித்தியாசத்தில் வந்தது. ஸ்வீடனின் ஆனா ஸ்வென் லார்சன் மூன்றாமிடம். தங்கள் நாட்டு மாமனிதரின் சாதனை தங்கள் மண்ணிலேயே உடைகிறது, உடைப்பவர் வெளிநாட்டுக்காரர். அந்தக் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டதா? ஆரவாரம் செய்தது. ஸ்டென்மார்க்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நல்ல திருப்பம் எது என்று தெரியும். எந்தக் கொடி அணிந்தவர் செய்தாலும் தெரியும். அதற்குச் சில வாரம் முன்பே ஸ்டென்மார்க் தன்னைவிட ஷிஃப்ரின் மிகச் சிறந்தவர், தன்னால் எல்லாப் பிரிவுகளிலும் அவரைப் போல இருந்திருக்க முடியாது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவு குறைவாகப் பேசுகிறவர் அத்தனை சொற்களைச் செலவழித்தது திறமைக்காக.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பெய்ஜிங்கில் அவர் தோற்ற அந்த நாட்களில் சமூக ஊடகத்தில் அவருக்கு வந்த வசைகளை அவரே எடுத்து வெளியிட்டார். ஓய்வு பெற்றுப் போ என்றும் இன்னும் இழிவாகவும் எழுதியிருந்தார்கள். யார் அவர்கள்? தங்களுக்கு ஒரு கதை வேண்டும், அந்தக் கதைக்குத் தங்கத்தில் முடிவு வேண்டும் என்று காத்திருந்தவர்கள். கதை கெட்டதும் நாயகி மேல் பாய்ந்தார்கள். ஆளைக் கொண்டாடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான், நண்பர்களே. அந்த ஆள் நாம் நினைத்தபடி நடக்காவிட்டால் அன்பு அதே வேகத்தில் வெறுப்பாகிவிடும்.

திறமையை ரசித்தவர்கள் அன்று என்ன செய்தார்கள்? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். வழுக்கியது எந்தத் திருப்பத்தில், எடை எந்தக் காலில் இருந்தது என்று பேசினார்கள். ஐஸில் பலகையின் விளிம்பு ஒரு கணம் பிடி விட்டால் உலகின் எவருக்கும் இதே கதிதான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களுக்குக் கோபமே வரவில்லை. வேலையின் கஷ்டம் தெரிந்தவன்தான் தவறை மன்னிப்பான். எதிரணியினர் மனம், மனம் என்கிறார்கள். ரசிகரிடமும் நல்ல மனம் இருக்க வேண்டுமென்றால் அது திறமையை மதிப்பதிலிருந்துதான் வரும்.

கில்லிங்டன் விபத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காயம் ஆறி 2025 ஜனவரி இறுதியில் திரும்பினார். ஆனால் ஜயன்ட் ஸ்லாலோமில் இறங்கப் பயம் பிடித்துக்கொண்டது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்று மறைக்காமல் சொன்னார். உலக சாம்பியன்ஷிப்பில் அந்தப் பந்தயத்திலிருந்து விலகினார். அந்த நேர்மையை நான் மனதார மதிக்கிறேன். அப்புறம் பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்த்ரியேரே. அடுத்தடுத்து இரண்டு ஜயன்ட் ஸ்லாலோம்: ஒன்றில் 25-ஆம் இடம், மறுநாள் இரண்டாம் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அதற்கடுத்த நாள், பிப்ரவரி 23, ஸ்லாலோம். 0.61 வினாடி வித்தியாசத்தில் நூறாவது வெற்றி. கவனியுங்கள்: அதே பெண், அதே ஊர், அதே வாரம், அதே மனம். முந்தைய இரண்டு நாளில் அந்த மனம் குறைந்தா போயிருந்தது? மூன்றாம் நாள் ஸ்லாலோம் கம்பங்களுக்கு நடுவே உடல் தன் பழைய வேலையைச் செய்தது. உலகம் எழுந்து நின்று கைதட்டியது அந்த மூன்றாம் நாளுக்குத்தான்.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேசப்போகும் அக்காவிடம் ஒரே கேள்வி. ஷிஃப்ரின் தன் துயரம் எதையும் வெளியே சொல்லாதவராக, ஸ்டென்மார்க் மாதிரி வாய் திறக்காதவராக இருந்து, இதே மாதிரி மட்டும் இறங்கியிருந்தால் அந்தக் கூட்டம் குளிரில் வந்து நின்றிருக்குமா, நின்றிருக்காதா? நின்றிருக்கும் என்றால் தீர்ப்பு எங்கள் பக்கம். நின்றிருக்காது என்றால், வகுப்பறைக்குள் தொலைக்காட்சியைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த ஸ்வீடன் ஆசிரியர்களுக்கு என்ன பதில் என்பதையும் சொல்லிவிட்டு உட்காருங்கள், அக்கா. நன்றி, வணக்கம்.