கரிமூட்டையும் நகைப்பெட்டியும்

வானத்தில் ஓர் இடம் கறுப்பாகத் தெரிகிறது. அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தமா? பெரிய வானியலாளரான வில்லியம் ஹெர்ஷலே ஒருமுறை விருச்சிகத்தில் அப்படியொரு கறுப்பைப் பார்த்துவிட்டு, வானத்தில் ஓட்டை என்றுதான் எடுத்துக்கொண்டார். அவரே ஏமாந்த இடம் அது.

தென்சிலுவைக்கு வருவோம். 88 விண்மீன் குழுக்களில் இதுதான் மிகச் சிறியது. கையை நீட்டி விரல்களை மடக்கினால் சிலுவையின் நான்கு விண்மீன்களும் முஷ்டிக்குள் மறைந்துவிடும். அதை ஒட்டியே, ஏறக்குறைய அதே அளவுக்கு, பால்வீதியில் மை கொட்டினாற்போல ஒரு கறை. மாலுமிகள் வைத்த பெயர் கரிமூட்டை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கோ அது ஈமு பறவையின் தலை. கழுத்தும் உடலும் பால்வீதியின் இருட்டுப் பட்டைகளில் விருச்சிகம் வரை நீள்கின்றன. நாம் மீன்களைக் கோடு போட்டு இணைக்கிறோம், அவர்கள் இருட்டிலேயே உருவம் கண்டார்கள். எனக்கு அவர்கள் பார்வைதான் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் அந்த இருட்டு ஒரு பொருள். சுமார் 600 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வாயுவும் தூசியும். புகைத் துகள் போன்ற நுண்தூசி, பின்னால் இருக்கும் மீன்களின் ஒளியை விழுங்குகிறது. நிறத்தைப் பார்த்துத்தான் கரி என்றார்கள். அந்தத் தூசியில் கார்பனும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது!

அதன் விளிம்பில், சிலுவையின் பீட்டா என்ற மீனுக்குப் பக்கத்தில், மங்கலாக ஒரு புள்ளி. உண்மையில் அது ஒரு விண்மீன் கொத்து. 1750களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து பார்த்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், அதைத் தன் பட்டியலில் சேர்த்தார். 1830களில் அதே முனையில் பெரிய தொலைநோக்கியைத் திருப்பிய ஜான் ஹெர்ஷல் (வில்லியமின் மகன்), பல நிறக் கற்கள் பதித்த நகையைக் கண்டதுபோல எழுதிவைத்தார். நகைப்பெட்டி என்ற பெயர் அப்படி வந்தது. நீல மீன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. வயதில் எல்லாம் ஒன்றுதான், சுமார் 1.4 கோடி ஆண்டு. எடை அதிகமுள்ள மீன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும். அந்தச் சிவப்பு மீன் அதற்குள் ஊதிப்போய்ச் சிவந்துவிட்டது.

சரி, இரண்டும் பக்கத்துப் பக்கத்திலா? பைனாகுலரில் சேர்ந்தே தெரியும். ஆனால் நகைப்பெட்டி சுமார் 6,400 ஒளியாண்டு தள்ளி, பத்து மடங்கு தூரத்தில் இருக்கிறது. கரிமூட்டை வானத்தில் நகைப்பெட்டியின் பக்கம் கொஞ்சம் நகர்ந்து அதை மறைத்திருந்தால் ஜான் ஹெர்ஷலுக்கு நகையும் இல்லை, பெட்டியும் இல்லை.

அந்த மீன்களும் இப்படியொரு கருமேகத்துக்குள் பிறந்தவைதாம். அந்த மேகம் எங்கே என்கிறீர்களா? அவற்றின் கடும் ஒளியும், அவற்றிலிருந்து வீசும் துகள்காற்றும் அதை எப்போதோ ஊதித் தள்ளிவிட்டன.